மடிக்கணினி ஓவர்கிளாக்கிங்: வன்பொருள் வழி

செயலியை அதன் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த கடிகார வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். மேசைக்கணினியில் பயாஸ் திரையில் ஓர் எண்ணை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. மடிக்கணினிகளில் பலவற்றின் பயாஸ் அந்த எண்ணைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. அதனால் 2000-களில் ஆர்வலர்கள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்கள். கீபோர்டைத் தூக்கி, விசிறியைக் கழற்றி, செயலியை சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, அதன் அடியிலிருக்கும் கால்களிலேயே கை வைத்தார்கள்.

அந்தக் கைவைப்பு எப்படி நடந்தது என்பதற்கு இன்டெலின் கோர் 2 டுவோ டி5750 நல்ல உதாரணம். 2008-இல் வந்த இந்தச் செயலியின் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். 166 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை 12-ஆல் பெருக்கினால் வருகிற கணக்கு அது. பெருக்கி எண்ணை உயர்த்த வழியில்லை, ஆலையிலேயே பூட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அடிப்படைக் கடிகாரம். அது எத்தனை வேண்டும் என்பதைச் செயலி தன் மூன்று கால்கள் வழியாக மதர்போர்டுக்குச் சொல்கிறது. பிஎஸ்இஎல் 2, 1, 0 என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் உண்டா இல்லையா என்பதுதான் சேதி. 0-1-1 என்றால் 166, 0-1-0 என்றால் 200, மூன்றும் பூஜ்யம் என்றால் 266. கடிகாரச் சில்லும் சிப்செட்டும் கணினி உயிர்பெறும் கணத்தில் இதைப் படித்துக்கொள்கின்றன.

ஆக 011-ஐ 010 ஆக்க வேண்டும் என்றால், கடைசிக் காலை கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் போதும். பல இழை மின்வயரை உரித்து, அதிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி, ‘ப’ வடிவில் வளைக்க வேண்டும். சாக்கெட்டின் பக்கவாட்டிலுள்ள தட்டைத் திருகை அரைச்சுற்று சுற்றினால் பிடி தளரும். செயலியை எடுத்துவிட்டு, பிஎஸ்இஎல் 0-க்கான துளையிலும் பக்கத்திலுள்ள கிரவுண்ட் துளையிலும் இழையின் இரு முனைகளையும் இறக்க வேண்டும். துளைக்கும் துளைக்கும் நடுவே 1.27 மில்லிமீட்டர்தான் இடைவெளி. கை நடுங்காதவர்களே ட்வீசரும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். செயலியை மேலே பொருத்தித் திருகை இறுக்கி மின்சாரம் கொடுத்தால், 12 பெருக்கல் 200. செயலி 2.4 கிகாஹெர்ட்ஸில் எழுந்து நிற்கும். செலவு என்று பார்த்தால் தெர்மல் பேஸ்ட்டுக்கு மட்டும்தான்.

எல்லாக் கணினியிலும் இது பலிக்காது. டி5750 உட்கார்ந்திருந்த 965 வகை சிப்செட்டுகள் 200 மெகாஹெர்ட்ஸை முறைப்படியே ஏற்பவை. சிப்செட்டுக்குத் தெரிந்த வேகத்தைக் கேட்டதால் அது மறுக்கவில்லை. நினைவகத்தின் வேகத்தையும் அதற்கேற்பத் தானே பொருத்திக்கொண்டது. அடுத்து வந்த 45 வகை சிப்செட்டுகள் 266 வரை ஏற்றன. அவற்றில் 10 பெருக்கல் 200 என்றிருந்த டி6400-ஐ இதே தந்திரத்தால் 2.66 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற முடிந்தது. ஆனால் 965-இடம் போய் 266 கேட்டால்? விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். இழையைப் பிடுங்கி எறிவதுதான் பரிகாரம்.

செயலி சொல்லும் சேதியைத் திரித்து மதர்போர்டை ஏமாற்றும் இந்த வித்தை மடிக்கணினியில் பிறந்ததல்ல. 1998-இல் வந்த செலரான் 300ஏ செயலியில் பி21 என்ற தொடுமுனையை ஒட்டுநாடாவாலோ நகப்பூச்சாலோ மூடினால், 66 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 100 ஆகும். 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடும். 2000-இல் ஏஎம்டியின் ஆத்லான், டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் ‘எல்1’ என்று பெயரிட்ட, அறுபட்ட சிறு பாலங்கள் இருந்தன. பள்ளிக்கூடப் பென்சிலால் அவற்றின் மேல் அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் மின்பாதையாகிப் பெருக்கி எண்ணின் பூட்டுத் திறந்துகொண்டது. மடிக்கணினிக்காரர்கள் இந்தப் பரம்பரையின் கடைக்குட்டிகள். 2004-இல் வந்த பென்டியம் எம் 735-ஐ அவர்கள் கையில் எடுத்தார்கள். அடிப்படைக் கடிகாரத்தை 100-இலிருந்து 133-க்கு மாற்றி, 1.7 கிகாஹெர்ட்ஸை 2.26 ஆக்கினார்கள்.

மென்பொருளால் முடியாதா என்ற கேள்வி எழும். முடிந்தது, ஓரளவுக்கு. செட்எஃப்எஸ்பி என்ற ஜப்பானிய மென்பொருள், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரச் சில்லோடு பேசி வேகத்தை உயர்த்தியது. ஆனால் அந்த வழியில் நினைவகமும் கூடவே இழுபட்டு வேகமேறும். செயலி தாங்கினாலும் நினைவகம் திணறிவிடும். போதாக்குறைக்கு, பல கடிகாரச் சில்லுகளில் டிஎம்இ என்றொரு கால் உண்டு. கணினி எழும்போது அதில் மின்னழுத்தம் இருந்தால் பிறகு வேக மாற்றக் கட்டளைகள் எதையும் சில்லு காதில் வாங்காது. அந்தக் காலை மதர்போர்டிலிருந்து பிரித்துக் கிரவுண்டோடு சேர்க்க சால்டரிங் அயர்ன் வேண்டும். கம்பியிழையைப் பிடுங்கினால் கணினி பழையபடி ஆகிவிடும். சால்டரிங்கில் தவறினால் கீழேயுள்ள செப்புத் தடமே உரிந்து வந்துவிடும்.

இதுவரை சொன்னது கடிகாரத்தின் கதை. ஆபத்து தொடங்குவது வெப்பத்தில்.

செயலி விழுங்கும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். டி5750-க்கு இன்டெல் வகுத்த வெப்ப வரம்பு 35 வாட். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் 20 சதவீதம் கூட்டினால் தோராயமாக 42 வாட். நிலையாக ஓட மறுக்கிறதே என்று மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் ஏற்றினால் கணக்கு 50 வாட்டைத் தாண்டிவிடும். மேசைக்கணினிக்கு இது தூசு. மடிக்கணினியிலோ ஒரு செப்புக் குழாய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விசிறி, தூசி அடைத்த ஒரு ஜன்னல், இவ்வளவுதான் வசதி. பல கணினிகளில் அதே குழாய்தான் கிராஃபிக்ஸ் சில்லையும் குளிர்விக்க வேண்டும். செயலிக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளும் சுருள்களும் 35 வாட்டை மனதில் வைத்துப் பொறுக்கியவை. அடாப்டர் 65 வாட்டா 90 வாட்டா என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடுதலாக ஒரு தோசை கேட்டால் சுட்டுத் தரலாம். மடிக்கணினிச் சமையலறையில் மாவு அளந்து ஊற்றப்பட்டது.

செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்ததுதான். வெப்பநிலை குறித்த வரம்பை ஒட்டி ஏறினால் தானே பெருக்கி எண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். 125 டிகிரி செல்சியஸ் வாக்கில் மின்சாரத்தையே துண்டித்துவிடச் சொல்லும். டி5750-இன் மிகக் குறைந்த பெருக்கி 6. அப்படியானால் 2.4-க்கு ஏற்றிய கணினி, வீடியோ மாற்றம் போன்ற கனத்த வேலையின் நடுவே 6 பெருக்கல் 200, அதாவது 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு விழலாம். ஓவர்கிளாக்கிங் செய்த பிறகு வேலை முன்பைவிட மெதுவாக முடிவதன் ரகசியம் இதுதான்.

இதற்கு ஊரறிந்த சாட்சி 2018 ஜூலையில் கிடைத்தது. அந்த ஆண்டு மேக்புக் புரோவில் ஆறு கருக்கள் கொண்ட கோர் ஐ9-8950எச்கே செயலி வந்தது. யூடியூப் விமர்சகர் ஒருவர் அதில் ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்தபோது 39 நிமிடம் ஆனது. அதே கணினியைக் குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் வைத்துச் செய்தபோது 27 நிமிடம். சில நாட்களில், ஜூலை 24-ஆம் தேதி, வெப்ப மேலாண்மைக்கான ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விட்டுப்போயிருந்தது என்று சொல்லி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. அந்தச் செயலியில் யாரும் கம்பியிழை சொருகவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே அது வெப்பத்தோடு மல்லுக்கட்டியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வெப்பமாவது விசிறி இரைச்சலில் தெரிந்துவிடும். சத்தமில்லாத ஆபத்து தவறான விடை. செயலிக்குள் ஒவ்வொரு சைகையும் அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் போய்ச் சேர வேண்டும். துடிப்புகளின் இடைவெளி சுருங்கினால், நீண்ட பாதையில் வரும் சைகை பிந்திப்போய், 1 வர வேண்டிய இடத்தில் 0 நின்றுவிடும். அது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து நீலத்திரையோ, கெட்டுப்போன புகைப்படமோ, திறக்காத ஜிப் கோப்போ கிடைக்கும். 2005-இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் இதைப் பற்றி எழுதினார். அங்கே வந்து சேர்ந்த முறிவு அறிக்கைகள் சிலவற்றில், ஒரு பதிவேட்டைப் பூஜ்யமாக்கும் பரம சாதுவான கட்டளையிலேயே நிரல் விழுந்திருந்தது. அந்தக் கட்டளை தோற்க நியாயமே இல்லை. கணினிக்காரர்களிடம் விசாரித்தபோது காரணம் ஓவர்கிளாக்கிங் என்று தெரிந்தது. சிலருக்குத் தங்கள் கணினி அப்படி ஏற்றப்பட்டது என்பதே தெரியாது. விற்ற கடையே சத்தமில்லாமல் செய்திருந்தது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் கணினிகளின் பதிவுகளை அலசியபோதும், ஓவர்கிளாக் செய்தவை செயலிக் கோளாறால் பல மடங்கு அதிகமாக முறிந்தது உறுதியானது. அதே ஆய்வில் சாதாரண மடிக்கணினிகள் மேசைக்கணினிகளைவிட நம்பகமாக இருந்தன என்பது சுவையான துணைச்செய்தி.

நாள்பட்ட சேதம் வேறு கணக்கு. மெல்லிய உலோகத் தடத்தில் மின்னோட்டம் அடர்த்தியாகப் பாயும்போது, எலெக்ட்ரான்கள் உலோக அணுக்களையே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆற்று வெள்ளம் கரையை அரிப்பது போலத்தான். இதை ஜேம்ஸ் பிளாக் 1969-இல் சமன்பாடாக்கினார்: மின்னோட்ட அடர்த்தியின் ஏறக்குறைய இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் ஆயுள் குறையும், வெப்பம் ஏற ஏற இன்னும் வேகமாகக் குறையும். ஆனால் நடைமுறையில் பழைய மடிக்கணினிகளில் செயலிக்கு முன்பே சுற்றியிருப்பவைதான் போய்ச் சேர்கின்றன. சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாகச் சில்லுகளுக்கடியிலுள்ள ஈயப்பற்றுகள் விரிசல் விடும். ஓவர்கிளாக்கிங் இல்லாமலே இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2008 ஜூலை நினைவில் நிற்கும்: மடிக்கணினி கிராஃபிக்ஸ் சில்லுகளில் பொதிவுப் பொருளின் பலவீனத்தால் நேர்ந்த பழுதுகளுக்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பேட்டரியும் வெப்பத்துக்குப் பகை; சூட்டில் கிடக்கும் லித்தியம் செல் சீக்கிரம் கிழடாகும்.

கம்பியிழைக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2011 ஜனவரியில் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் செயலித் தலைமுறையில் 100 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கடிகாரத்தோடு பிசிஐ எக்ஸ்பிரஸ், சேட்டா இணைப்புகளும் பின்னிப்பிணைந்தன. கடிகாரத்தைச் சில சதவீதம் தள்ளினாலே ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். 2014, 2015 வாக்கில் இன்டெலின் மடிக்கணினிச் செயலிகள் சாக்கெட்டையே விட்டுவிட்டு மதர்போர்டோடு நேரே பற்றவைக்கப்பட்டன. இழை சொருகத் துளை ஏது? பதிலுக்கு, பெருக்கி பூட்டாத எச்கே வரிசைச் செயலிகள் 2015 முதல் விலையுயர்ந்த கேமிங் மடிக்கணினிகளில் கிடைத்தன.

அதன் பின் ஆர்வலர்களின் கை கடிகாரத்திலிருந்து மின்திறன் வரம்புக்கும் வெப்பத்துக்கும் நகர்ந்தது. ஆர்005 என்று பொறித்த, அரிசிக் குருணை போன்ற ஷன்ட் தடைகள் மின்பாதையில் இருக்கும். ஒவ்வொன்றும் 5 மில்லி ஓம். அவற்றின் குறுக்கே விழும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் சில்லு தான் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அறிகிறது. அதே மதிப்புள்ள இன்னொன்றை மேலே ஏற்றிப் பற்றவைத்தால் தடை பாதியாகும். 120 வாட் ஓடும்போது மீட்டர் 60 என்று காட்டும். கிராஃபிக்ஸ் சில்லுகளில் இது பிரபலம். பிஎஸ்இஎல் இழையைவிட இது மோசமான பொய் என்றே சொல்ல வேண்டும். அது வேகத்தை மட்டும் மாற்றியது. இது காவல்காரனின் கண்ணையே கட்டிவிடுகிறது.

வெப்பத்தை வெளியேற்றும் பக்கம் கைவைப்பது ஒப்பீட்டளவில் நியாயமானது. காலியம் கலந்த திரவ உலோகம் சாதாரண பேஸ்ட்டைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும். ஏசுஸ் தன் ஆர்ஓஜி மடிக்கணினிகளிலும் சோனி பிளேஸ்டேஷன் 5-இலும் 2020 வாக்கில் ஆலையிலேயே இதைப் பூசத் தொடங்கின. ஆனால் இது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தைத் தின்றும்விடும். பையில் செங்குத்தாகத் தொங்கிக் குலுங்கும் கணினியில் ஒரு துளி வழிந்து பக்கத்து மின்தேக்கியைத் தொட்டால் கதை முடிந்தது. மின்னழுத்தத்தைக் குறைத்து வெப்பம் தணிக்கும் அண்டர்வோல்டிங் மென்பொருளாலேயே முடிந்த நல்ல வழியாக இருந்தது. பர்மிங்ஹாம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே மின்னழுத்தக் குறைப்பைக் கொண்டே செயலியின் பாதுகாப்பை உடைக்கும் பிளன்டர்வோல்ட் தாக்குதலை 2019 டிசம்பரில் வெளியிட்ட பிறகு, பல மடிக்கணினிகளின் பயாஸ் மேம்பாடுகள் அந்தக் கதவையும் சாத்திவிட்டன.

கோர் 2 காலத்து மடிக்கணினிகள் இன்னும் பழைய சாமான் சந்தையில் சுற்றுகின்றன. வாங்குபவர் விண்டோஸ் 7-இன் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து செயலி என்ற வரியைப் பார்க்கலாம். செயலியின் பெயரோடு வருகிற முதல் எண், சில்லுக்குள்ளேயே எழுதிவைத்தது, யாராலும் மாறாது. அதன் வலப்பக்கம் வருவது விண்டோஸ் கண்டறிந்த வேகம். அங்கே டி5750, 2.00 என்று தொடங்கி 2.40 என்று முடிந்தால், செயலிக்கடியில் முந்தைய உரிமையாளரின் கம்பியிழை இன்னும் கிடக்கிறது.