விரல் நுனி முதல் ஒளிக்கற்றை வரை

ஒருமுறை தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதனுள் தமது கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. விற்கும் இடத்திலேயே சோதனை நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்னாளில் இப்பொறுப்பு ‘ஹிஸ்பா’ என்னும் துறையாக வளர்ந்தது. கடைத்தெருக்களைக் கண்காணித்த அதிகாரி ‘முஹ்தஸிப்’ எனப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்காகவே ஒரு கையேடு எழுதினார். ஸைத்தூன் எண்ணெயில் குசும்பா எண்ணெய் கலக்கப்படுவதை அவர் அதில் குறிப்பிடுகிறார். கலப்பட எண்ணெயை நெருப்பில் வைத்தால் மூச்சை அடைக்கும் பெரும்புகை எழும்; அதுவே அடையாளம் என்கிறார். அன்று புகையே சாட்சி சொன்னது.

இன்றைய கலப்படமோ புகையால் பிடிபடாதது. மெழுகுக்கும் காலணிப் பாலிஷுக்கும் நிறமூட்டும் ‘சூடான்’ சாயங்கள் எண்ணெயில் எளிதில் கரைபவை. விலங்குகளில் நடந்த ஆய்வுகள் இவற்றுள் சிலவற்றைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்துகின்றன. இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் சூடான் 1 காணப்பட்டதால், 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்குச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கியது. 2015இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், சந்தைகளில் விற்ற செந்நிறப் பாமாயிலில் சூடான் 4 இருப்பதை அந்நாட்டு உணவு, மருந்து ஆணையம் அறிவித்தது. நல்ல பாமாயிலுக்குக் கரோட்டின் இயல்பாகவே செந்நிறம் தருகிறது. அந்தச் சிவப்பையே தரத்தின் அடையாளமாகக் கொண்ட மக்களின் நம்பிக்கைதான் அங்கே விலைபோனது.

ஆய்வுக்கூடக் கருவிகள் இச்சாயத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் செலவும் நாட்களும் பிடிக்கும். முடிவு வருமுன் எண்ணெய் அடுப்பேறிவிடும். எனவேதான் கையடக்க உணரிகளை ஆய்வாளர்கள் நாடினர். அவற்றுள் ஒரு வகை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை எண்ணெயின் மீது செலுத்துகிறது. எண்ணெய் எந்த அலைநீளங்களில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைத் தூய எண்ணெயின் பதிவோடு ஒப்பிட்டுக் கணினி நிரல் தீர்ப்புச் சொல்கிறது. கானாவின் பாமாயிலிலும் இம்முறை ஆராயப்பட்டுள்ளது. மிக நுண்ணிய அளவுச் சாயத்தை உறுதிசெய்ய மட்டும் ஆய்வுக்கூடம் இன்னும் தேவைப்படுகிறது.

இக்கருவி வாங்குபவரை மட்டும் காப்பதில்லை. மொத்த வணிகரிடம் பீப்பாயில் வாங்கி, அளந்து விற்கும் எளிய வியாபாரியும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். அவர் வாங்கும் முன்பே சோதித்தால் அவருடைய ரிஸ்கும் தூய்மையாகும். ஹலாலைத் தேடும் நாம், அது தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. கருவிகள் மாறிவிட்டன, ஈரத்தை ஏன் மறைத்தாய் என்ற கேள்வி மாறவில்லை. கருவி கண்டுபிடிக்கும் முன்பே அதற்குப் பதில் சொல்லத் தயாராயிருப்பதே நம் வணிகர்களின் ஈமானுக்கு அழகு.