வலங்கை நிலமும் பனியன் கம்பெனியும்: பிரெண்டா பெக்கின் கொங்கு ஆய்வு

திருப்பூரின் வரலாற்றை 1970களின் இறுதியில் பிறந்த ஏற்றுமதியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1925 வரை பின்னே செல்பவர்களும் முதல் பனியன் கம்பெனியோடு நின்றுவிடுகிறார்கள். கம்பெனி வைத்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து, எந்த உறவுகளோடு வந்தார்கள் என்று கேட்டால், பனியனைத் தன் பொருளாகக் கொள்ளாத ஒரு நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மானிடவியல் பேராசிரியர் பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு ஆய்வு அது.

ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டத்துக்காக 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கிய பெக், பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கொங்கு, காங்கேய நாடு, கண்ணபுரம் கிராமம், ஓலப்பாளையம் ஊர், குடும்பம் என நூல் ஐந்து படிகளில் இறங்குகிறது. (மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன அதே கண்ணபுரம்தான்.) நிலத்தையும் நாட்டு எல்லையையும் பற்றி நின்ற வலங்கைச் சாதிகள் ஒருபுறம், கைத்தொழிலையும் வணிகத்தையும் நம்பிய இடங்கைச் சாதிகள் மறுபுறம். இந்தப் பிரிவு சடங்கோடு முடியாமல் உறவுமுறை, தெய்வ வழிபாடுவரை நீள்வதை அவர் காட்டினார்.

இந்த வரைபடத்தின்படி நெசவும் வணிகமும் இடங்கையின் துறை. ஆனால் திருப்பூரில் முதலாளிகளாக எழுந்தவர்களில் பெரும்பகுதியினர் வலங்கையின் தலைமகன்களான கவுண்டர்கள். சரத் சாரி 2004இல் எழுதிய நூல், அவர்களில் பலர் தொழிலாளிகளாக நுழைந்து, பங்கு சேர்த்து முதலாளிகளானதை விவரிக்கிறது. தம் உழைப்பே தம் முதல் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதையும் பதிவு செய்கிறது. பெக்கின் வரைபடம் இங்கே பொய்த்துவிட்டதா? இல்லை என்பதே என் முடிவு. தொழில் மாறினாலும், நிலத்தைச் சுற்றி வளர்ந்த கூட்ட (குல) உறவும் சாதி நம்பிக்கையும் பங்குதாரரைத் தேடவும் கடன் புரட்டவும் பயன்பட்டன.

உழைப்பைப் பற்றிய அந்தப் பெருமைக்கும் பழைய வேர் உண்டு. பெக் 1965இல் ஒலிப்பதிவு செய்த அண்ணன்மார் கதை, காடு திருத்திக் கழனியாக்கிய உழவர் குடியின் கதை. கம்மாளரோடும் வேட்டுவரோடும் அக்குடிக்கு மூண்ட பகையின் கதையும்கூட. பாடகர் மக்கள்முன் பாடியதையும் அவரே சொல்லி எழுதச்செய்ததையும் ஒப்பிட்டு பெக் 1982இல் எழுதிய நூல் நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெரிய கொடை. முதலாளிகளின் தன்வரலாறுகளை இக்கதையோடு வைத்துப் படித்தால், இரண்டிலும் யாருடைய உழைப்பு பேசப்படவில்லை என்பதும் தெரியும்.

அது மாதாரிகளின், அதாவது அருந்ததியரின், உழைப்பு. பெக் அவர்களை இடங்கையில் வைத்தார். திருப்பூர் வட்டாரக் கிராமங்களை ஆராய்ந்த கிரேஸ் கார்ஸ்வெல், ஹேர்ட் டி நெவ் ஆகியோர், விசைத்தறி ஊர்களில் முன்பணக் கடன் அருந்ததியரைக் கட்டிப்போட்டிருப்பதைக் காட்டியுள்ளனர். வலங்கை இடங்கை என்ற சமச்சீர்ச் சட்டகத்துக்குள் இந்த ஏற்றத்தாழ்வின் கூர்மை மங்கிவிடுகிறது. பெக்கின் நூலில் எனக்குப் பெருங்குறையாகப் படுவது இதுதான்.

2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்துக்குள் இன்று காங்கேயமும் அடங்குகிறது. கொங்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்கள் பெக்கின் ஐந்து படிகளையும் எடுத்துக்கொண்டு ஓலப்பாளையத்தில் மறு ஆய்வு செய்ய வேண்டும். இம்முறை மாதாரித் தெருவிலிருந்து தொடங்க வேண்டும்.