தங்கவயல் பிள்ளைகளுக்கு ஒரு போர்ப் பாடம்

கோலார் தங்கவயலில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்குச் சில பிள்ளைகள் வருவார்கள். மைசூர்ப் போர்கள் பாடம் என்றால் அவர்கள் ஒப்பிக்கப்போவது என்னவென்று எனக்கே மனப்பாடம். முதல் போர் 1767–69, இரண்டாவது 1780–84, மூன்றாவது 1790–92, நான்காவது 1799. ஒப்பித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்பேன்:

"கர்நாடகாவுல இருந்துக்கிட்டு உங்க வீட்ல ஏன் தமிழ் பேசுறீங்க?"

"தாத்தா காலத்துல சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தாங்க சார்."

"இங்க தங்கம் இருக்குன்னு வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அங்கே நிற்பார்கள். அந்த இடத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவேன்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். ஜெயித்தவர்கள் மைசூர் ராஜ்யத்தைப் பங்கு போட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பங்கு, நிஜாமுக்கு ஒரு பங்கு, மிச்சம் உடையார் வம்சத்துச் சிறுவனுக்கு. பங்கு போட்டால் எல்லை போட வேண்டும், எல்லை போட நிலத்தை அளக்க வேண்டும். அப்படி 1802இல் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். ஊர்கம், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகளை எடுத்துக் காட்டினார்கள். பார்த்ததை அவர் எழுதி வைத்தார்.

எழுபது வருஷம் கழித்து அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் வந்தவர் மைக்கேல் லாவெல். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு ஆங்கிலேயர் நிலத்துக்காக நடத்திய போரில் சண்டை போட்டுவிட்டு, பெங்களூரில் குடியேறிய ஐரிஷ் சிப்பாய். தங்க வேட்டையை அங்கேயே பார்த்துப் பழகியவர். 1875இல் அவருக்குச் சுரங்க உரிமை கிடைத்தது. பணம் போதாமல் அவர் கைமாற்றிவிட, அதை வாங்கிய கூட்டத்திலும் சென்னைப் படை அதிகாரிகள் இருந்தார்கள். 1880இல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் நம் ஜனங்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள்.

அதற்காக, 'போர் நடந்தது, அதனால் நாம் வந்தோம்' என்று பிள்ளைகளை எழுத விடமாட்டேன். இடையில் 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. ஊரில் நிலமில்லாத, சேரியில் ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஆசை இருக்கிறது. போர் கதவைத் திறந்தது. உள்ளே தள்ளிவிட்டவை வேறு. ஒரு விளைவுக்குப் பல காரணம் உண்டு என்பதைச் சொந்த வீட்டுக் கதையில் பார்த்த பிள்ளை மறக்காது.

பிறகு இரண்டாவது போரின் காரணத்துக்குப் போவோம். திப்புவின் தகப்பன் ஐதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். 1769 சென்னை உடன்படிக்கையில், யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்று கம்பெனி கையெழுத்துப் போட்டது. மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1779இல் ஐதரின் பாதுகாப்பில் இருந்த மாஹே துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் ஜூலையில் ஐதர் படையோடு கணவாய் இறங்கினார்.

இந்த இடம்வரை பிள்ளைகள் ஐதர் கட்சி. அப்போது இரண்டு படங்களை எடுத்து வைப்பேன். ஒன்று ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் உள்ள பொள்ளிலூர்ப் போர் ஓவியம். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் அருகே. சிவப்புச் சட்டை போட்ட கம்பெனிப் படை சதுரமாக அணிவகுத்து நிற்கிறது. நடுவில் பல்லக்கில் அடிபட்ட அதன் தளபதி கர்னல் பெய்லி. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. யானை மேல் ஐதர். இன்னொன்று ராபர்ட் ஹோம் வரைந்தது. 1792இல் திப்புவின் இரண்டு சின்னப் பையன்களைப் பிணையாக வாங்கிக்கொள்ளும் கம்பெனி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், தகப்பனைப் போல அவர்கள் கையைப் பிடித்திருக்கிறார். ராஜ்யத்தில் பாதியும் மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாயும் கேட்டு, பணம் வந்து சேரும்வரை பிள்ளைகளை அடகு வாங்கிய கை அது.

"படத்துல யாரு இல்ல?" என்று கேட்பேன். யோசித்துவிட்டு யாராவது சொல்வார்கள், "ஊர்க்காரங்க இல்ல சார்."

அந்த ஊர்க்காரர்கள் ஆற்காட்டுச் சீமை ஜனங்கள். எங்கள் பிள்ளைகள் பலரின் முன்னோர் ஊர் அந்தப் பக்கம்தான். கம்பெனிப் படைக்குத் தீனி கிடைக்கக் கூடாதென்று ஐதரின் குதிரைப்படை வயலையும் ஊரையும் கொளுத்தியது. தஞ்சைப் பக்கம் அந்த நாசத்தை 'ஐதர் காலம்' என்றே வெகு நாள் சொல்லி வந்தார்கள். பசியில் சென்னைக்கு ஓடி வந்தவர்களுக்காக 1782இல் வைத்த கஞ்சித் தொட்டிதான் மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்தது.

"அப்போ நாம யாரு பக்கம் சார்?" இந்தக் கேள்வி தவறாமல் வரும். 2015இல் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தி கொண்டாடியபோதும், 2019இல் நிறுத்தியபோதும் பிள்ளைகள் கையில் செல்போன் இருந்தது. தியாகி என்றோ கொடியவன் என்றோ தீர்ப்பை முடித்துக்கொண்டு வருகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சண்டை என்று முடிவெடுத்தவர் பெயரை ஒரு பத்தியிலும், அதற்கு விலை கொடுத்தவர்களை மறு பத்தியிலும் எழுதச் சொல்வேன். முதல் பத்தியில் ஐதர், திப்பு, கார்ன்வாலிஸ், நான்காவது போர்க்கால கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி என்று பெயர்கள் இருக்கும். இரண்டாவதில் விவசாயி, சிப்பாய், பிணையாகப் போன பையன்கள். எந்தப் போருக்கும் இப்படி எழுதிப் பார்க்கலாம்.

விளைவை உடன்படிக்கைத் தேதியோடு நிறுத்துவதுதான் நம் பாடப் புத்தகத்தின் பெரிய குறை. எல்லை அளக்க வந்தவனின் குறிப்பு மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கமாயிற்று. பாறை வெடித்துச் செத்தவர்களும் நுரையீரலில் தூசி படிந்து செத்தவர்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூதிக்கோட்டைக்கும் மத்தியானம் மாரிக்குப்பத்துக்கும் அழைத்துப் போங்கள். வெற்றி யாருக்கு என்ற கேள்வியைப் பரீட்சைக்கு விட்டுவிட்டு, விலை கொடுத்தது யார் என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கப் பழகிய பிள்ளையை நாளைக்கு ஒருவனும் கொடியைக் காட்டிச் சண்டைக்கு இழுக்க முடியாது.