முகமும் பெயரும்

பெங்களூருக்குத் தெற்கே பேகூரில் பழைமையான நாகேசுவரர் கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள கன்னடக் கல்வெட்டொன்று, பெங்களூர்ப் போரில் மாண்ட ஒருவனைக் குறிப்பிடுகின்றது. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 890 என்பர் அறிஞர். இந்நகரின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய சான்றாக அக்கல்லே போற்றப்படுகிறது. மாண்டவனின் முகத்தை நாம் அறியோம்; எனினும் எழுத்து இருந்தமையால் அவன் மறக்கப்படவில்லை. நம் வீடுகளில் உறங்கும் பழைய பள்ளிப் படங்களின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை.

காலனிப் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில் திரையிற் காட்டுவதற்கென அண்மையில் வீடு வீடாகச் சென்று படங்கள் திரட்டினோம். அப்போதுதான் இவ்வுண்மை எமக்கு விளங்கிற்று.

ஒளிப்படக் கலைக்கும் பெங்களூருக்கும் உள்ள உறவு நெடியது. 1839-ஆம் ஆண்டில் பாரிசில் இக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பதினைந்தே ஆண்டுகளில், இங்கே பணியாற்றிய லினேயசு டிரைப் என்னும் படை அதிகாரி, ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-இல் சென்னைக் கண்காட்சியில் அப்படங்கள் இடம்பெற்றன. பின்னர் மதுரையையும் தஞ்சையையும் படமாக்கியவரும் அவரே. ஆயின் அந்நாளில் படம் என்பது கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியதாயிருந்தது. எளியவர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாததாயிருந்தது.

1809-இல் இங்குத் தோன்றிய படைக் குடியிருப்பைத் ‘தண்டு’ என்று அழைத்தனர் நம் முன்னோர். அதனை நம்பித் தமிழர் பலர் வந்து குடியேறினர். அவர்தம் நகரில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் ஏழைச் சிறுவர்க்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் தொழிற்சாலைகள் அழைத்தன. 1948-இல் ஐ.டி.ஐ.யும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பி.இ.எல்.லும் தோன்றின. ஆலையை ஒட்டிக் காலனியும், காலனியை ஒட்டிப் பள்ளியும் வளர்ந்தன. வகுப்பு முடியும் நாளில் எடுக்கப்பட்ட கூட்டுப் படமே பல பிள்ளைகளுக்கு அவ்வாண்டின் ஒரே படம்.

அப்படங்களின் அமைப்பை அறியாதார் யார்? வெளிச்சம் வேண்டி முற்றத்திலே பலகைகள் இடுவர். நடுவில் தலைமையாசிரியர் அமர்வார். உயரமானவர் பின்னே நிற்பர். சிறியவர் தரையில் சம்மணமிட்டிருப்பர். முன்னே ஒரு சிலேட்டு இருக்கும். அதில் வகுப்பு உண்டு, ஆண்டு உண்டு. பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. அன்று எல்லாரையும் எல்லாரும் அறிந்திருந்தனர். எழுதவேண்டிய தேவை எவர்க்கும் தோன்றவில்லை.

படம் எடுத்த நிலையங்களில் கேட்டால் கிடைக்காதோ எனலாம். பல நிலையங்கள் மறைந்தன. பழைய கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டு வேறு பயனுக்குச் சென்றன. பிலிம்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக விற்கப்பட்டன. தமிழகத்து நிலையங்களில் எஞ்சிய பழம்படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் துணையோடு திரட்டிக் கணினிப் படிகளாக்கியமை போற்றுதற்குரியது. ஆயினும் படத்திலிருப்பவர் யாவர் என்பதை எந்த நூலகம் சொல்லும்? அதனை வீடுகளே சொல்லவேண்டும்.

எம் கூட்டத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவேன். ஒரு படத்தின் கடைசி வரிசை ஓரத்தில், காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் நின்றிருந்தார். திரட்டியவர் எவரும் அவரை அறியவில்லை. படம் திரையில் தோன்றியதும் எண்பது வயது மூதாட்டியார் ஒருவர் எழுந்து அவர் பெயரைச் சொன்னார். பள்ளி மணி அடித்தவர் அவர். மழை நாட்களில் சிறு குழந்தைகளை வீடு வரை கொண்டு சேர்த்தவரும் அவரே. அரங்கம் சற்று நேரம் அமைதியாயிற்று. அம்மையார் அன்று வாராதிருந்தால் அப்பெயர் அவரோடு போயிருக்கும்.

காலம் காத்திருப்பதில்லை. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு நடுவண் அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. ஆலைகளை நம்பி ஒன்றுகூடிய குடும்பங்கள் இன்று பல ஊர்களில் சிதறி வாழ்கின்றன. ஆதலின் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். படத்தைச் சட்டத்தினின்று பிரிக்காதீர். கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் கிழிந்துவிடும். நிழலான பகல் வெளிச்சத்தில் வைத்துப் படியெடுங்கள். அசலை உரியவரிடமே விட்டுவிடுங்கள். பெரியவர் இருவரை அருகில் அமர்த்தி, இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பெயர் கேளுங்கள். மணமாகி வேற்றூர் சென்ற பெண்களின் பெயரையும் விடாது கேளுங்கள். சட்டமிடாத படமாயின் அதன் பின்புறம், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். மற்றவற்றிற்கு ஒரு குறிப்பேடு வையுங்கள்.

பேகூரில் கல் வெட்டியவன் உளி கொண்டு செய்ததை நாம் பென்சில் கொண்டு செய்யலாம். இன்று மாலையே பெட்டியைத் திறப்போமாக.