போலார்ட்ரெக்

அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களைத் துருவப் பிரதேச ஆராய்ச்சிக் குழுக்களோடு அனுப்பி, அவர்கள் வாயிலாக மாணவர்களை விஞ்ஞானிகளுடன் நேரே உரையாடச் செய்வதற்கென்று ஏற்பட்ட கல்வித் திட்டம். சர்வதேசத் துருவ ஆண்டையொட்டி, அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான அறக்கட்டளையின் பொருளுதவி பெற்று, அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் நகரிலிருந்த ஆர்க்கஸ் என்னும் ஆர்க்டிக் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு இதனை 2007-இல் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பெற்ற ஆசிரியர் சில வாரங்கள் முகாமிலேயே தங்கி, ஆராய்ச்சி வேலையில் தாமும் கைகொடுப்பார்.

இத்திட்டத்தின் ஜீவநாடி ‘போலார்கனெக்ட்’ எனப்படும் நேரலைச் சம்பாஷணையே. இணைய வசதி எட்டாத பனிவெளி முகாம்களிலிருந்து சலனப்படம் அனுப்புதல் இயலாதாகையால், முன்னரே சேர்ப்பித்த புகைப்படங்கள் வகுப்பறைத் திரையில் ஒவ்வொன்றாக நகர, விஞ்ஞானியின் குரல் மாத்திரம் செயற்கைக்கோள் தொலைபேசி வழியே வந்து சேரும். தென்துருவத்தின் இடர்ப்பாடு வேறு வகையானது. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் அங்கே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடுவதால், வயதாகிப் பாதை சாய்ந்துபோன சில பழைய செயற்கைக்கோள்கள் தலைகாட்டும் சில மணி நேரத்தையே நெடுங்காலம் நம்பியிருக்க நேர்ந்தது. அந்நேரமும் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முந்திக்கொண்டே போகும். பள்ளி மணியை அதற்கு இசைவிப்பது இலேசான காரியமன்று.

மாணவர் கேட்ட வினாவுக்கு, அதற்கு விடை காணவே இங்கு வந்திருக்கிறோம் என்று ஆராய்ச்சியாளரே ஒப்புக்கொள்ளக் கேட்பது, பாடப்புத்தகம் தர இயலாத விஞ்ஞானப் பயிற்சி. திட்டத்தின் தலையாய பயன் இதுவேயாகும்.