பிரஷர் இல்லாதவர் பிரஷர் மாத்திரை போடலாமா? ஜிம் செல்லும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

வாப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டெல்மிசார்டன் மாத்திரையை, கட்டுமஸ்தான உடலோடு இருக்கும் இருபத்தைந்து வயது மகனும் தினமும் போடுகிறார் என்றால் பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் பாடி பில்டிங் செய்பவர்களிடையே பல நாடுகளில் பரவியிருக்கும் வழக்கம் இது. பிரஷர் இருப்பதால் அவர்கள் போடுவதில்லை. "வருமுன் காக்க", "ஹார்ட்டுக்கும் கிட்னிக்கும் பாதுகாப்பு" என்று ஜிம்மில் மூத்தவர் யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாகவே தொடங்கிவிடுகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். நடைமுறை எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழக்கத்தின் வேர் பெரும்பாலும் ஸ்டீராய்டில் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனும் அந்த வகை ஊசி மாத்திரைகளும் உடலில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. சிவப்பணுக்களைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்குகின்றன, நல்ல கொழுப்பைக் குறைக்கின்றன, இதயத் தசையைத் தடிக்கச் செய்கின்றன. இதனால் பிரஷர் ஏறுகிறது. ஊசியை நிறுத்த மனம் வராதவர்கள் மாத்திரையைத் தேடுகிறார்கள். ஸ்டீராய்டு தொடாத பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து இதைப் பழகிக்கொள்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், உப்பைத் தேக்கும், இதயத் தசை தடிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை அதன் வேலையைத் தடுக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும்போது கிட்னியைக் காக்க டாக்டர்கள் இவற்றைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நோயாளிக்குப் பலன் தந்த மருந்து, நோய் இல்லாதவருக்கும் அதே பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஹோப்-3 ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த 12,705 பேர் பங்கேற்றனர். ஏற்கெனவே இதய நோய் வராத, ஆனால் வர ஓரளவு வாய்ப்புள்ள, நடு வயதைக் கடந்தவர்கள் அவர்கள். ஒரு பாதிப் பேருக்கு கேண்டசார்டனும் நீர் மாத்திரையும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தார்கள். மொத்தத்தில் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. தொடக்கத்திலேயே மேல் பிரஷர் 143.5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அதாவது பிரஷர் இருந்தவருக்கு உதவியது, இல்லாதவருக்கு உதவவில்லை. இருபது, முப்பது வயது ஜிம் இளைஞர்கள் இந்த ஆய்வில் இல்லவே இல்லை.

ஸ்டீராய்டு இதயத்துக்குச் செய்வது பிரஷரோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எடை தூக்கும் ஆண்கள் 140 பேரைப் பரிசோதித்தார்கள். ஸ்டீராய்டு பயன்படுத்தாதவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக 63 சதவீத ரத்தத்தை வெளியேற்றியது. பயன்படுத்தியவர்களிடம் அது 52 சதவீதம்தான். அவர்களின் இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவும் கூடுதலாக இருந்தது. மாத்திரை மீட்டரில் தெரியும் எண்ணைக் குறைக்கும். கெட்டியான ரத்தத்தையும் படிந்த கொழுப்பையும் அது சரிசெய்யாது. எண் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஊசியின் அளவு கூடிவிடுவதுதான் எனக்கு இதில் மிகவும் கவலை தரும் விஷயம்.

முதலில் சரியாக அளக்க வேண்டும்

சாதாரண மீட்டரோடு வரும் பட்டை பெரும்பாலும் 32 செ.மீ. வரையிலான கைச் சுற்றளவுக்கே பொருந்தும். நாற்பது செ.மீ. கையில் அதை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அதை நம்பி மாத்திரையைத் தொடங்கியவர்களும் உண்டு. பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். காபி, எனர்ஜி பானம் எதுவும் குடிக்காமல், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு அளந்து பயப்படவும் வேண்டாம். 1985-இல் கனடாவில் பாடி பில்டர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, கால்களால் கனத்த எடையைத் தள்ளும் நேரத்தில் பிரஷர் சராசரியாக 320/250 வரை போனது. எடையை இறக்கியதும் உடனே இறங்கிவிடும் ஏற்றம் அது.

வறண்ட உடலும் நீர் மாத்திரையும்

பிரஷர் மாத்திரைகளிலேயே பாடி பில்டிங் உலகில் அதிகம் தவறாகப் பயன்பட்டவை நீர் மாத்திரைகள். மேடையில் தசை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டிக்கு முன் உடலில் உள்ள நீரை வெளியேற்றுவார்கள். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஆடிய முஹம்மது பெனாசிசா, 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் நடந்த போட்டியில் வென்றார். அன்றே இறந்தார். வயது 33. நீர் மாத்திரைகளும் கடுமையான நீரிழப்புமே காரணம் என்று பரவலாகக் கூறப்பட்டது. 1996 மிஸ்டர் ஒலிம்பியாவில் மூன்றாம் இடம் பிடித்த நாசர் அல் சுன்பாத்தி, நீர் மாத்திரை சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இன்றும் நீர் மாத்திரைகள் இருக்கின்றன.

டெல்மிசார்டன் வகை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடியது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையும் அப்படியே. இரண்டையும் சேர்த்து, 'நல்லது' என்று பொட்டாசியம் உப்பையும் எடுத்தால், ரத்தத்தில் அது ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். முன்கூட்டி அறிகுறி எதுவும் தெரியாமலும் போகலாம். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் அல்லது ஐபுப்ரோஃபென் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரெனச் செயலிழக்கும் ஆபத்து உண்டு. உடல் வறண்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். வளைகுடா வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு இந்த மாத்திரைகளோடு அஸருக்குப் பின் கனமாகப் பயிற்சி செய்வதும் இதே வகைதான். டாக்டர் எழுதிய மாத்திரையாக இருந்தாலும், நோன்பு தொடங்குமுன் நேரத்தையும் அளவையும் அவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையில் பிரஷர் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வீட்டில் பல நாள் அளந்தும் சராசரி 135/85-க்கு மேல் நின்றால், வயது இருபத்தைந்தாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் முன் சொல்லத் தயங்கும் பிள்ளையை டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். மாத்திரை தொடங்குமுன்னும், தொடங்கிய சில வாரங்களிலும் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை தேவை. கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கும் தசை அதிகம் உள்ளவர்களுக்கும் கிட்னி நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பதால், எடுக்கும் பவுடரின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுதல், சிறுநீர் மிகவும் குறைந்துபோதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.