மன்னார்குடி முதலா, மயிலாடுதுறை முதலா?

ரீப்ரொட்யூசிபிள் பில்டுன்னா, ஒரே சோர்ஸ் கோடை யார், எந்த மெஷின்ல பில்டு பண்ணாலும் கடைசி பைட் வரைக்கும் ஒரே பைல் வரணும். அப்பத்தான் நாம டவுன்லோட் பண்ற பைல்ல நடுவுல யாரும் கை வைக்கலன்னு சரிபார்க்க முடியும். டெபியன்ல இந்த வேலை 2013-ல சூடுபிடிச்சது.

பில்டு நேரம் பைலுக்குள்ள பதிவாகிடறதுதான் பேர்போன தொல்லை. அதுக்கு சோர்ஸ் டேட் எபாக்னு ஒரு மாறி வெச்சுத் தீத்துட்டாங்க. என்னை இழுத்தது சார்ட் கமாண்டு.

நீடாமங்கலத்துக்காரன்ங்கறதால நம்ம பக்கத்து ஊர்களையே எடுத்துக்கறேன்: மன்னார்குடி, மயிலாடுதுறை. மெஷினோட மொழி அமைப்பு, அதாவது லோகேல், 'சி'-ன்னு இருந்தா சார்ட் வெறும் பைட் எண்ணைத்தான் பார்க்கும். மன்னார்குடி மேல வரும். தமிழ் லோகேல்ல மயிலாடுதுறை மேல. இந்தப் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் டூலோட பேக்கேஜுக்குள்ள போச்சுன்னா, பில்டு பண்றவரைப் பொறுத்து பைலே மாறிடும்.

ஏன் இப்படி? தமிழ்ல கடைசி எழுத்து ன. தொல்காப்பியமே அகரத்துல ஆரம்பிச்சு னகரத்துலதான் முடிக்குது. ஆனா 1991-ல வந்த யூனிகோட், இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவா போட்ட இஸ்கி அட்டவணையோட 1988 வடிவத்தைப் பின்பற்றிச்சு. அதுல தேவநாகரி வரிசைதான் அச்சு. ன போய் ந பக்கத்துல உக்காந்துச்சு, ற போய் ர பக்கத்துல. புள்ளி கதை இன்னும் மோசம்: அதோட எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னாடி. அதனால பைட் வரிசையில 'க்' வர்றது 'கௌ'-வுக்கு அப்புறம். நம்ம அகராதியிலயோ 'அகம்'-க்கு முன்னாடியே 'அக்கா' வந்துடுவா!

பில்டுல லோகேலை 'சி'-ன்னு பூட்டுங்கறதுதான் வழக்கமான அறிவுரை. பைல் மாறாது, சரி. ஆனா படிக்கறவருக்குப் போற பட்டியல் தப்பு. தமிழ் லோகேல்லயே பூட்டினா? 2018-ல ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளைப் பெருசா மாத்துனதுல போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்களே கெட்டுப்போச்சு. அதை நம்பி எப்படி இருக்கறது?

நான் சொல்றது: பில்டுக்கு 'சி', தமிழ் வரிசை அட்டவணை டூலோட சோர்ஸ்லயே. மொத்தம் 247 எழுத்துதானே, கூட கொஞ்சம் கிரந்தம். ஓப்பன்-தமிழ் பைத்தான் லைப்ரரியில சொற்களை ஒப்பிடறதும் இந்த வழிதான், தன்கிட்ட இருக்கிற எழுத்துப் பட்டியலை வெச்சு.

உங்க டூலை ரெண்டு லோகேல்ல ரெண்டு தடவை பில்டு பண்ணி ஹேஷ் எடுத்துப் பாருங்க. வேற வேற வந்தா டிஃபோஸ்கோப்புக்குக் கொடுங்க, எந்த வரி இடம் மாறுச்சுன்னு அதுவே காட்டும்.